அடுப்படி மாறியும் மாறாத விரிசல்

என்னங்க,

நாகலாபுரம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, பள்ளிக்கூடம் போகிறேன். சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் அடுப்படியில் மூடியிருக்கின்றன. பத்து மணிக்குச் சீனிராஜ் கொத்தனார் வருவார். அவருக்குக் காபி கொடுங்கள், வாஸ்து சொல்லிக் கொடுக்காதீர்கள்.

வாஸ்துக்காரர் பேச்சைக் கேட்டு வாசலை மாற்றினீர்கள், அடுப்படியை மாற்றினீர்கள். சுவரிலுள்ள விரிசல் மட்டும் அதே இடத்தில் அகலமாகிக்கொண்டே போகிறது. வாஸ்து பார்க்காமலே பல்லி ஒன்று அதில் குடிவந்துவிட்டது.

முந்தாநாள் நீங்கள் இல்லாதபோது கொத்தனார் பார்த்துவிட்டுச் சொன்னார்: "டீச்சர், கரிசல் மண்ணு தண்ணி பட்டா உப்பும், காஞ்சா சுருங்கும். அண்ணாச்சி கெட்டியான சரள் மண்ணு வரைக்கும் தோண்டாம மூணடியிலயே அஸ்திவாரம் போட்டுட்டாவ. போதாததுக்குச் சுவரோரமா தெனமும் தண்ணி நிக்குது. வெடிக்காம என்ன செய்யும்?"

தண்ணீரை நிறுத்திவிட்டு, அடியில் தோண்டி கான்கிரீட் போட்டால் வீடு நிற்குமாம். அவர் சொல்கிறபடி செய்யுங்கள்.

ராஜபுஷ்பம்

பி.கு: அது என்ன தண்ணீர் என்று கொத்தனார் கேட்டால் மறைக்க வேண்டாம். குளிக்கிற தண்ணீரை என் பிச்சிக்கொடிக்குத் திருப்பிவிட்டது நான்தான். ஆறு வருஷமாக அந்தப் பூவைத் தலையில் வைத்துக்கொண்டே விரிசலுக்காக உங்களைத் திட்டியிருக்கிறேன். நான் வருவதற்குள் கொடியைப் பிடுங்கிவிடுங்கள். இன்றைய மொட்டுகளை மட்டும் பறித்து வையுங்கள்.