புது விரிப்புப் போட்ட கட்டில்

ஏச்சையும் தேத்தண்ணியையும் ஒரே கையால் தந்த என் புஷ்பமக்காவுக்கு,

நீங்கள் நேரத்தோடு போய்ச் சேர்ந்தது நல்லதாய்ப் போயிற்று. உயிரோடு இருந்திருந்தால் மூச்சிழுக்கிற உங்கள் தொய்வு நெஞ்சோடு பலூன் ஊத வைத்திருப்பார்கள். நம் ஆஸ்பத்திரி வாட்டு ஆட்கள் ஒற்றுமையாய் வேலை செய்யவும், அடுத்தவர் மனதை அறியவும் கொழும்பிலிருந்து ஒருவர் வந்து வகுப்பெடுத்தார். மருந்து கொடுக்க ஒரு நேர்ஸ் மிஸியை விட்டுவிட்டு, டொக்டர், மற்ற மிஸிமார், கூட்டித் துடைக்கிற நான், எல்லாரும் மண்டபத்தில். கோபத்தைப் பலூனுக்குள் ஊதி உடைக்க வேண்டுமாம். டொக்டர் ஊதிய ஊதலில் கண் பிதுங்கியது.

அன்று காலையில்தான் குருநகர் அந்தோனி, ஈரல் வருத்தத்தோடு கிடந்த கடற்றொழிலாளி, கண்ணை மூடி மோசம் போயிருந்தார். மனைவிக்கு யார் சொன்னது? பெரிய மிஸி சொல்லியிருப்பா என்று டொக்டர் நினைத்தார். டொக்டர் சொல்லட்டும் என்று பெரிய மிஸி இருந்துவிட்டா. ஒருவரையொருவர் கேட்கவில்லை. லீவு கொடுக்கிறதில் வந்த சண்டைக்குப் பிறகு இரண்டு பேருக்கும் கதை பேச்சு இல்லை. ஆனால் மண்டபத்தில் கைகோர்த்துப் படம் எடுத்தார்கள், அக்கா. பல்லெல்லாம் தெரிய.

இடையில் வாளி எடுக்க வாட்டுக்கு வந்தேன். புது விரிப்புப் போட்ட அந்தோனியின் கட்டிலில் அவர் மனைவி, அந்தப் பிள்ளை, இருந்தாள். சுடுதண்ணிப் போத்தலிலிருந்து கஞ்சியை ஊற்றி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

“ஸ்கான் எடுக்கக் கொண்டு போட்டினமோ அக்கா? கஞ்சி ஆற முதல் வந்திடுவாரோ?”

நீங்கள் மிஸியாய் இருந்தபோது செய்ததுபோல் திரையை இழுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். “அவர் காலமை மோசம் போயிட்டார், பிள்ளை.” அவள் கோப்பையைக் கீழே வைக்கவே இல்லை. நீங்கள் என்றால் அடுத்து என்ன சொல்லியிருப்பீர்கள்?

பின்னேரம், மிஸிமாருக்கெல்லாம் மேலான மேற்றன் கூப்பிட்டா. அவவுக்கு இந்தப் பக்கம் டொக்டர், அந்தப் பக்கம் பெரிய மிஸி.

“கூட்டித் துடைக்க வந்தனீர். சாவு சொல்ல உமக்கு ஆர் அதிகாரம் தந்தது?”

இரண்டு பேரும் ஒன்றாய்த் தலையாட்டினார்கள். வகுப்பு வீண்போகவில்லை, பாருங்கோ. நாளைக்கு நான் மன்னிப்புக் கேட்க வேணுமாம். இல்லாவிட்டால் வேலை இல்லையாம்.

கேட்பேன், அக்கா. விடியக் குருநகருக்குப் போய், இவ்வளவு பேர் இருந்தும் அவளைத் தனியே கஞ்சி ஆற்ற விட்டதற்கு அந்தப் பிள்ளையிடம் கேட்பேன். பிறகு வந்து, கேட்டாச்சு என்று மேற்றனிடம் சொல்லுவேன்.

உங்களோடு கூடப் பிறக்காத வாயாடித் தங்கச்சி,
யோகம்