தியான மணியும் உயிர்காப்புப் படகும்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? பெர்கனில் மழை விட்டதா? நடுக்கடலில் இந்த எண்ணெய்க் கிணற்று மேடையில் நான் நலம்.

தூக்கம் வராதவர்களுக்கு இங்கே தியானம் நடக்கிறது. ஒலிப்பதிவில் ஒரு பெண் பேசப் பேச, நாங்கள் கண்ணை மூடிப் படுத்திருக்க வேண்டும். முதல் நாள் முடிவில் மணி அடித்ததும், அபாயச் சங்கு என்று நினைத்து அத்தனை பேரும் உயிர்காப்புப் படகுக்கு ஓடிவிட்டோம்! லைஃப் ஜாக்கெட்டோடு நின்ற என்னிடம் சமையல்காரர் ஆர்ன்ஃபின், "என்னம்மா சிக்னே, மனசு அமைதியாயிடுச்சா?" என்றார்.

நான் விடப்போவதில்லை. தூங்காமல் கிரேன் ஓட்ட முடியாது. அந்த மணிக்கும் அபாயச் சங்குக்கும் உள்ள வித்தியாசம் என் கால்களுக்குத் தெரியும்வரை தினமும் போவேன்.

பாதுகாப்பான இடத்தை நினைக்கச் சொல்கிறாள் அந்தப் பெண். நான் நம் சமையலறைக்கு வந்துவிடுகிறேன். ஆனால் அங்கே நீங்கள் பேசுவதே இல்லை. நான் கேட்ட கம்பளிக் காலுறையோடு உங்கள் குரலையும் பதிவுசெய்து அனுப்புங்கள். வானிலை அறிக்கையை வாசித்தாலும் போதும்.

கடிதங்களை எடுத்துப்போகும் ஹெலிகாப்டர் வந்துவிட்டது, இதைக் கொடுக்க ஓடுகிறேன்.

உங்கள் சிக்னே