நோய் என் தோழி இல்லை

அன்புள்ள அப்பாவுக்கு, அனுசியா வணங்கி எழுதுவது. நீங்களும் அம்மாவும் சுகம்தானே? தென்காசியில் வேலைக்குக் குறையில்லை. இந்தச் சாரலில்தான் முடக்குவாதம் விரல்களைக் கொஞ்சம் படுத்துகிறது. நம் தருமபுரி வெயில் இருந்தால் தேவலை. கவலை வேண்டாம்.

ஞாயிறன்று குற்றாலத்தில் நோயாளிகளுக்கான எழுத்துப் பயிற்சிக்குப் போனேன். நடத்தியவர் வாழ்நாளில் ஒரு தும்மல்கூடப் போடாத ஞானி. "நோயைத் தோழி என்று அழைத்து எழுதுங்கள், வலி பறந்துவிடும்" என்றார். நான் எழுதி வாசித்தேன்: "தோழி என்றால் என்னைச் சோறு பிசைய விட்டிருப்பாள். அவ்வளவு நல்லவள் என்றால் உங்கள் வீட்டுக்கே அழைத்துப் போங்கள்."

"நெகட்டிவாக எழுதக் கூடாது மேடம்" என்று முகம் சுளித்தார்.

சர்க்கரை நோயில் கால்விரலை இழந்த மூக்கம்மாள் அக்கா பக்கத்தில் இருந்தார். "வலிக்குது அவளுக்கு, ஒமக்கு எங்கன வே வலிக்குது? நீ வாசி தாயி!" என்றார். கூடமே சிரித்தது. பயிற்சி நடத்திய அந்தப் பெரிய மனிதர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து திறந்து மூடினார்.

அன்றிலிருந்து தினமும் எழுதுகிறேன். அந்த ஞானி மாதிரி ஆட்களைத் திட்டி எழுதினால் வலி போவதில்லை. ஆனால் அழுகை வருவதில்லை.

மெல்லிய பேனாவைப் பிடிக்க முடியவில்லை. தடித்த பேனா இரண்டு வேண்டும். தபாலில் அனுப்ப வேண்டாம், முடிந்தால் நீங்களே கொண்டு வாருங்கள். இதை பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்; பஸ் வந்துவிட்டது.

மகள் அனுசியா