தம்பியின் கடற்புல் பொடி

மார்ச் 3, செவ்வாய்

தம்பி ஆய்வகத்துக்கே வந்துவிட்டான். கையில் பளபளவென்று ஒரு பாக்கெட். ‘கடற்புல் பொடி – சர்க்கரை நோய்க்கு முற்றுப்புள்ளி.’ பின்பக்கம் என் படம்! மூன்று வருடத்துக்கு முன் பத்திரிகையில் வந்தது. வெள்ளைக் கோட்டோடு இளித்துக்கொண்டு நிற்கிறேன்.

“உன்னை ஊருக்கே தெரிய வெச்சிருக்கேன்க்கா. ஒரு நன்றிகூட இல்லையா?”

முன்பக்கப் படத்தில் இருப்பது கடற்புல்லே இல்லை, கடற்பாசி. புல்லுக்கு வேர் உண்டு, பூ உண்டு. பாசிக்கு இரண்டும் கிடையாது. இதுகூடத் தெரியாத தடியன் மருந்து விற்கக் கிளம்பிவிட்டான். வெளியே போடா என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

மார்ச் 4

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

தம்பி வீட்டில்தான் அம்மா இருக்கிறாள். போனேன். அவளுடைய சர்க்கரை மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் கிடக்கின்றன. பக்கத்தில் அந்தப் பொடி.

“மாத்திரையை விட்டு ரெண்டு மாசம் ஆச்சு. இதுவே நல்லாத்தான் கேக்குது.”

அம்மாவின் கால் கட்டைவிரலில் புண். செருப்பு கடித்ததாம். நான் கத்தினேன், அவன் டிவி சத்தத்தைக் கூட்டினான். பளாரென்று ஒன்று விட்டிருக்க வேண்டும். ஒரு பாக்கெட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 12

சோதித்தாயிற்று. உள்ளே இருப்பது கடற்புல்தான். ஆனால் காரீயம், இருக்கலாம் என்ற அளவைப் போல ஆறு மடங்கு. எங்கேடா அள்ளினாய் என்று போனில் கேட்டேன்.

“படகுக்குப் பெயின்ட் சுரண்டுற இடத்துல, சும்மா ஒதுங்கிக் கிடக்குது.”

பழைய பெயின்ட்டில் காரீயம் உண்டு; தண்ணீரில் எது கலந்தாலும் அந்தப் புல் இழுத்து வைத்துக்கொள்ளும். விற்பதை நிறுத்து என்றேன்.

“உனக்குப் பொறாமை. பன்னெண்டு வருஷமா கண்ணாடிக் குழாய்ல ஊத்தி ஊத்திப் பாக்கறே. நான் மூணு மாசத்துல ஜனங்ககிட்ட கொண்டுபோயிட்டேன். நீதானே பேப்பர்ல சொன்னே, சர்க்கரைக்கு மருந்து கெடச்சாச்சுன்னு?”

போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 13

அந்தப் பழைய பத்திரிகையைத் தேடி எடுத்தேன். சொல்லித்தான் இருக்கிறேன்.

நாங்கள் கண்டது இவ்வளவுதான்: மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதியைக் கடற்புல் சாறு தடுக்கிறது – குழாயில். மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கவே இல்லை. நிருபர் “அப்போ மருந்து கெடச்சாச்சா?” என்றார். “அப்படித்தான் வெச்சுக்கோங்களேன்” என்று சிரித்தேன். ஏன் சொன்னேன்? ச்சீ.

மார்ச் 16

உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுத்தேன்.

“விக்கிறவர் உங்களுக்கு உறவா?”

“கூடப் பிறந்தவன்.”

எழுத்தர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எழுதுங்க என்றேன். என் பேட்டியின் நகலையும் நானே சேர்த்துக் கொடுத்தேன்.

மார்ச் 19

தம்பியின் கடைக்குச் சீல் வைத்துவிட்டார்கள். “இனிமே எனக்கு அக்காவே கிடையாது” என்று போனில் கத்தினான். வேண்டாம் போ.

மாலையில் இயக்குநர் அழைத்தார். குடும்பச் சண்டையை ஆய்வகத்துக்குள் இழுத்துவிட்டேனாம். கடற்புல் ஆய்வு இனி என் கையில் இல்லை.

மார்ச் 24

அம்மாவின் கட்டைவிரலை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அவன் ஒரு கோடி, நான் ஒரு கோடி.

மாத்திரையை நிறுத்தச் சொன்னது பையனா என்று டாக்டர் அம்மாவிடம் கேட்டார்.

“அவன் பேச்சை யாரு கேட்டா? பாக்கெட்டுல எம் பொண்ணு படம் இருந்துச்சு. படிச்ச பொண்ணு. அதான் நம்பிச் சாப்பிட்டேன்.”

டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

ஏப்ரல் 2

நான் பேட்டியில் சொன்னது தவறு என்று அந்தப் பத்திரிகைக்கு எழுதி அனுப்பியிருந்தேன். உள்பக்கத்தில் தீப்பெட்டி அளவுக்குப் போட்டிருக்கிறார்கள்.

ஏப்ரல் 11

அம்மாவை என் வீட்டுக்கு அழைத்து வந்தோம். ‘வந்தோம்’ என்று எழுதிவிட்டேன். மூன்று மாடியும் அவன்தான் தூக்கி வந்தான். அவன் முகத்தைப் பார்க்க இன்னும் பிடிக்கவில்லை, அவனுக்கும் அப்படித்தான். தண்ணீர் கொடுத்தேன். நின்றபடியே குடித்தான்.

“மத்தியானம் நீ வேலைக்குப் போயிடுவே. எந்த மாத்திரை எப்பன்னு எழுதிக் குடு, நான் வந்து குடுக்கறேன்” என்றான், சுவரைப் பார்த்து.

எழுதிக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்துவிட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.