பதினோரு கேள்விகள்

அக்கா,

இன்று பீரோவில் ஒரு பழைய கோப்பைத் தேடும்போது உங்களுக்கு வந்த நேர்முகத் தேர்வுக் கடிதம் கையில் அகப்பட்டது. முன்பக்கம் உங்கள் பெயர், கீழே ‘பொறுப்பு முதல்வர்’. பின்பக்கம் பென்சிலில், உங்கள் சாய்ந்த கையெழுத்தில் பதினோரு கேள்விகள்.

ராஜபாளையத்தில் நம் பெண்கள் கல்லூரிக்கு முதல்வர் இல்லாத ஆறு வருடமும் அந்தப் பொறுப்பைப் பார்த்தது நீங்கள்தான். பல்கலைக்கழகக் குழு வந்தாலும் விடுதியில் தண்ணீர் நின்றாலும் உங்களைத்தான் தேடுவோம். ஆனால் முதல்வர் நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்ததில்லை. வணிகவியல் துறையிலிருந்து ஒரு மர நாற்காலியைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டுக்கொண்டீர்கள். ஏன் என்று கேட்டதற்கு, “இதுலருந்து யாரும் எந்திரிக்கச் சொல்ல முடியாதுல்லா” என்றீர்கள். மம்சாபுரத்தில் உங்கள் தெருவைச் சொன்னாலே சாதி தெரிந்துவிடும். நிர்வாகக் குழுவில் பாதிப் பேர் எனக்குச் சொந்தம். இதை நாம் பேசிக்கொண்டதே இல்லை.

நிரந்தர முதல்வரை எடுக்க முடிவானபோது விண்ணப்பித்தது நாம் இருவர்தான். நான் உங்களுக்கு ஒன்பது வருடம் இளையவள். ஆனாலும் ஆசைப்பட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூரில், கோர்ட்டுக்கு எதிரே, கல்லூரிச் செயலாளரின் வக்கீல் ஆபீசில் நேர்முகம். முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்த நீங்கள், வேர்வையைக்கூடத் துடைக்காமல், உள்ளே கேட்டதையெல்லாம் எழுதி நீட்டினீர்கள், போட்டிக்கு வந்த என்னிடம்.

“செத்த நேரம் இருக்கு, பாத்துக்கோ. கடைசிக் கேள்விக்கு மட்டும் யோசிச்சுச் சொல்லு.”

நீங்கள் உத்தரவு போட்டால் மற்றவர்கள் மதிப்பார்களா? அதுதான் கடைசிக் கேள்வி.

“நீங்க என்னக்கா சொன்னீங்க?”

“ஆறு வருசமா மதிச்சுக்கிட்டுத்தான இருக்காகன்னேன். சிரிச்சுக்கிட்டாக.”

உள்ளே போனேன். நிர்வாகக் குழுத் தலைவர் எங்கள் வீட்டுத் தெலுங்கில், அப்பாவின் கால்வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். காப்பி வந்தது. குடித்து முடித்ததும் நேர்முகமும் முடிந்தது.

திரும்பும் பஸ்ஸில், “உன்ட்ட என்ன கேட்டாக?” என்றீர்கள்.

“உங்ககிட்ட கேட்டதேதான்க்கா. பதினொன்னும்.”

“எல்லாத்துக்கும் சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்.”

நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். உங்கள் மனசு நோகக்கூடாது என்றுதான் அப்படிச் சொன்னதாகப் பல வருடம் நினைத்துக்கொண்டேன். எனக்கு நோகாமல் இருக்கத்தான் சொன்னேன்.

எனக்கு நியமன உத்தரவு வந்த அன்று மர நாற்காலியை நீங்களே தூக்கிக்கொண்டு துறைக்குப் போனீர்கள். அதன்பின் நான் போட்ட உத்தரவுகளை முதலில் மதித்தவரும் நீங்கள்தான்.

போன மாதம், நீங்கள் போய்விட்ட துக்கம் கேட்க உங்கள் வீட்டுக்கு வந்தேன். உங்கள் மகளும் இப்போது ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் என்றார்கள். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா எப்பமும் உங்களத்தான் சொல்லுவாக. அந்த இன்டர்வியூல அவுகளவிட நீங்க நல்லா பதில் சொன்னீகளாம். அதனால வருத்தமே இல்லன்னுவாக.”

அவளிடமும் தலையை ஆட்டிவிட்டுத்தான் வந்தேன், அக்கா.