வேகாத கிழங்கும் ஒரு கைதட்டலும்

அன்புள்ள கண்ணா,

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் எழுந்ததும் காபிகூடப் போடாமல் நான் செய்த முதல் வேலை, ஓவனுக்குள் முழங்கை வரை கையை விட்டு, கருகி ஒட்டிக்கொண்டிருந்த பன்றிக் கொழுப்பைக் கரண்டிக் காம்பால் சுரண்டியது. ஆகவே இங்கே எல்லோரும் சுகம் என்று வழக்கம்போல் எழுதினால், சுரண்டாத எல்லோரும் சுகம் என்று எடுத்துக்கொள். நீ எப்படி இருக்கிறாய், முதுகு வலி விட்டதா, நடுவில் பள்ளம் விழுந்த அந்த மெத்தையை மாற்றினாயா இல்லை இன்னும் அதிலேயே சுருண்டு கிடக்கிறாயா? அப்பாவுக்கு ரத்த அழுத்தம் மட்டுப்பட்டிருக்கிறது. தங்கச்சிக்குப் பரீட்சை முடிந்துவிட்டது, நாள் முழுக்கத் தூங்குகிறாள். பெரியப்பா தொழிலதிபர் ஆகிவிட்டார். இதைப் போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நான் பேசும்போதெல்லாம் அப்பா பின்னால் வந்து நின்று திருத்தம் சொல்லுவார், அதனால் எழுதுகிறேன்.

டயர் கடையில் உட்கார்ந்து உட்கார்ந்து பெரியப்பாவுக்குச் சலித்துவிட்டதாம். பார்ட்டிகளுக்கு நொறுக்குத் தீனி செய்து கொடுக்கும் தொழிலில் இறங்கப் போகிறாராம், அப்பா கூட்டாளியாம். உப்பும் புகையும் ஏற்றிய பன்றிக்கறியை மெல்லிய பட்டைகளாகச் சீவி விற்கிறார்களே, பேக்கன், அதை உருளைக்கிழங்குத் துண்டின் மேல் சுற்றிக் குச்சி குத்தி ஓவனில் மொறுமொறுவென்று சுட்டெடுக்கும் ஒரு வீடியோவை எங்கோ பார்த்திருக்கிறார், அன்றிலிருந்து தலைகால் புரியவில்லை. ஒரு கிழங்கைத் தோல் சீவிப் பார்ப்பதற்கு முன்னால் கம்பெனிக்குப் பெயர் வைத்தாயிற்று, விசிட்டிங் கார்டு அடித்தாயிற்று, பெயரைப் பூவேலை செய்த வெள்ளைத் தொப்பிகள் வேறு தைத்து வந்துவிட்டன. அப்பாவின் தொப்பி அவர் காதை மூடுகிறது. கண்ணாடி முன்னால் நின்று அதை அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்துவிட்டு எப்படி இருக்கிறது என்று என்னைக் கேட்டார், மழைக்கு நல்லது என்றேன். நேற்று மாலை பெரிய பார்ட்டி ஹால் வைத்திருக்கிறவரையும் அவர் மனைவியையும் நம் வீட்டுக்கே ருசி பார்க்க அழைத்திருந்தார்கள், கூட நண்பர்கள் என்று ஏழெட்டுப் பேர். அவருக்குப் பிடித்துவிட்டால் அந்த ஹாலில் நடக்கும் எல்லா விருந்துக்கும் நம் தீனிதானாம்.

பெரியப்பா எதையும் ஆரம்பத்திலிருந்து பார்க்க மாட்டார் என்பது உனக்குத் தெரியும். படத்துக்கே இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் போகிறவர். வீடியோவிலும் அப்படித்தான், "மொத ரெண்டு நிமிஷம் சும்மா வணக்கம் சொல்லி வளவளன்னு பேசுவாங்க, அதைத் தள்ளிவிட்டுரணும்" என்று தள்ளிவிடுவது, மிச்சத்தை இரட்டை வேகத்தில் ஓட்டுவது. அந்த இரண்டு நிமிடத்தில்தான் கிழங்கை உப்புத் தண்ணீரில் அரைவேக்காடு வேகவைத்து ஈரம் போகத் துடைக்கச் சொல்லியிருக்கிறார்கள். நான் லேபில் வேலை முடிந்து வந்து பார்க்கும்போது இரண்டு பேரும் தொப்பியும் கையுறையுமாகப் பச்சைக் கிழங்கின் மேல் பேக்கனைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள், அதுவும் செருப்புத் தோல் மாதிரித் தடித்த பேக்கன், தடியாக இருந்தால்தான் பணக்காரத்தனமாம். கிழங்கை முதலில் வேகவையுங்கள், இல்லாவிட்டால் மேலே கருகிவிடும், உள்ளே பச்சையாக நிற்கும், குச்சிகளையும் தண்ணீரில் ஊறப்போடுங்கள் என்றேன். பெரியப்பா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, "அதெல்லாம் உங்க லேபுலயே வெச்சுக்கம்மா, இங்க வேற ரூட்டு" என்றார். அப்பாவைப் பார்த்தேன். "அண்ணன் வீடியோ பாத்திருக்காருல்ல" என்றார். ஐம்பது வயதைத் தாண்டிய இரண்டு ஆண்பிள்ளைகள், ஒருவரும் இந்த வீட்டில் ஒரு முட்டை வேகவைத்ததில்லை. பெரியம்மா முன்னறையில் பூச்சாடியை நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தாள், என் காதருகே வந்து "விடு, ரெண்டு பேரும் பட்டாத்தான் தெரியும்" என்றாள். பட்டும் தெரியாத ஜாதி என்பது அவளுக்கும் தெரியாமலா இருக்கும்.

வந்தவர்கள் உட்கார்ந்தார்கள், தட்டு வந்தது. குச்சிகளின் நுனியெல்லாம் எரிந்த தீக்குச்சி மாதிரி இருந்தது. ஹால்காரர் ஒன்றை வாயில் போட்டுக் கடித்தார், 'கரக்' என்று முன்னறை முழுக்கக் கேட்டது. அவர் மனைவி மரியாதை தெரிந்தவள், கொஞ்ச நேரம் மென்று பார்த்துவிட்டு, "உள்ள நல்லா ஃப்ரெஷ்ஷா இருக்குங்க" என்றாள். தங்கச்சி சிரிப்பை அடக்க முடியாமல் குளியலறைக்கு ஓடிவிட்டாள். ஹால்காரர் கைக்குட்டையை வாயருகே கொண்டுபோய் எடுத்தார், பிறகு அது ஒரு பக்கம் உப்பலாக அவர் சட்டைப் பைக்குள் போயிற்று. பெரியப்பா மட்டும் அசராமல், "இது கொஞ்சம் கடிச்சுச் சாப்பிடற ஸ்டைல்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. அவர்கள் மேல் இரக்கப்பட்டு அல்ல, ஒரு காரியம் கண்ணெதிரே கெடுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, என் தொழில் அப்படி. அடுக்களைக்குப் போய் மிச்சமிருந்த கிழங்கை உப்புப் போட்டு வேகவைத்தேன், துணியில் பரப்பித் துடைத்தேன், காலைச் சாண்ட்விச்சுக்கு வாங்கி வைத்திருந்த மெல்லிய பேக்கனைப் பாதி பாதியாக வெட்டி, மிளகுத்தூள் தூவி, சுற்றிய முனை அடியில் இருக்கும்படி ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கி வைத்தேன். கற்றுக்கொள், நீயும் ஒரு நாள் நாலு பேரைக் கூப்பிடுவாய். அரை மணி நேரத்தில் வாசனை முன்னறைக்குப் போயிற்று. தட்டைக் கொண்டுபோய் வைத்ததுதான் தெரியும், மாயமாய் மறைந்தது.

அங்கேதான் நான் முட்டாளானேன். ஹால்காரர் விரலைத் துடைத்துக்கொண்டு, "அம்மா செய்றதா இருந்தா அடுத்த சனிக்கிழமையே ஒரு ஆர்டர் தர்றேன்" என்றார். பெரியப்பா எழுந்து நின்று, என் தோளுக்கு மேல் கையை நீட்டி, ஏதோ புது டயரைக் காட்டுவது போல, "இனிமே முழுக்க இவங்கதான், வேலைய எழுதிக் குடுத்துட்டு வந்துடறாங்க" என்றார். என்னிடம் யாரும் கேட்டதில்லை, கண்ணா. இப்படி ஒரு பேச்சே வீட்டில் எழுந்ததில்லை. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தொப்பியோடு தலையாட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். வெட்கம் என்னவென்றால் நானும் சிரித்தேன், முகம் பழக்கத்தில் தானாகச் சிரித்துவிட்டது, அதை நினைத்தால்தான் இப்போது எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

நம் ஊர் குடிக்கும் தண்ணீரைச் சோதிக்கிற கூடத்தில் நீ பிறப்பதற்கு முன்னாலிருந்து வேலை பார்க்கிறேன். எங்கள் தலைமை மேடம் ஓய்வு பெறுகிறார், அவர் நாற்காலிக்கு என் பெயரைச் சொல்லியிருக்கிறார், திங்கட்கிழமைக்குள் பதில் கேட்டிருக்கிறார். இதைப் போன வாரமே, பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது அப்பாவிடம் சொன்னேன். "ம்" என்றார். தெரிந்துதான் தலையாட்டியிருக்கிறார். விருந்தாளிகள் போன பிறகு இதைக் கேட்டேன். "கோச்சுக்காத, குடும்பத் தொழில், உன் கைப்பக்குவம் யாருக்கு வரும்" என்று குழைந்தார். சரி, நீங்கள் உங்கள் வேலையை விடுங்களேன், நான் சொல்லித் தருகிறேன் என்றேன். நிஜமாகவே திடுக்கிட்டுப் போனார். "என்னோடது பென்ஷன் இருக்கிற வேலைடி" என்றார். என்னுடையதற்கும் இருக்கிறது என்பது அவருக்கு அந்த நிமிடம் வரை தோன்றவே இல்லை என்று முகத்தைப் பார்த்தே தெரிந்தது. பெரியப்பாவும் டயர் கடையை விடவில்லை. ஆகத் தொழில் இரண்டு பேருக்கு, தொப்பி இரண்டு பேருக்கு, வேலையை விடுவது மட்டும் எனக்கு. கெட்டவர் இல்லை உன் அப்பா, எனக்குத் தெரியாதா. ஆனால் நான் அங்கே பாட்டிலைப் பிடித்துக்கொண்டு பொழுதுபோக்குகிறேன் என்று இத்தனை வருடமும் ஒருவர் மனதுக்குள் வைத்துக்கொண்டு, அதே குழாய்த் தண்ணீரைப் பயமில்லாமல் குடித்திருக்கிறார். திட்டியிருந்தால்கூட இவ்வளவு கசந்திருக்காது.

சரி, உன் காதில் நிறையப் போட்டுவிட்டேன். நீ கையை வைத்த காரியமெல்லாம் உனக்கு விளங்கட்டும், உடம்புக்கு ஒன்றும் வராமல் இரு. என்றாவது ஒரு நாள் உனக்கு மனைவியாக ஒருத்தி வருவாள், அவள் என்ன வேலை செய்கிறாள் என்று ஒரு முறையாவது முழுசாகக் கேட்டுத் தெரிந்துகொள், உனக்கு நான் சொல்ல வேறு புத்திமதி கிடையாது. மெத்தையை மறக்காதே. இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் அப்பாவோ பெரியப்பாவோ உன்னை அழைத்து, அம்மாவுக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லு என்பார்கள், சொல்ல வேண்டாம். இப்போது அப்பா பக்கத்து அறையில் குறட்டை விடுகிறார், மேடத்துக்கும் இன்னும் தெரியாது, முதலில் உனக்குத்தான் எழுதுகிறேன். நாளைக் காலை அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போடப் போகிறேன். தலைமைக்கு வருகிறவர் முதல் சனிக்கிழமை, அதாவது ஹால்காரர் ஆர்டர் சொன்ன அதே சனிக்கிழமை, ஆற்றுத் தண்ணீர் எடுக்கிற இடங்களை நேரில் போய்ப் பார்க்க வேண்டும், நான் பார்க்கப் போகிறேன். அப்பாவிடம் மாலையில் சொல்வேன். கேட்க மாட்டேன், சொல்வேன்.

இப்படிக்கு,
உன் அம்மா