அது படாக் தூசி அல்ல

இன்று காலை என் தையல் கடைக்குச் சட்டை அளவு கொடுக்க ஒருவர் வந்தார். மரவேலை செய்கிறவர், முழங்கை வரை சிவப்புத் தூசி. தோளில் டேப்பை வைத்ததும் இரும ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டேன். “படாக் கா தூல் ஹை, தீதி. குச் நஹீ ஹோகா” என்றார். படாக் மரத் தூசிதானாம், ஒன்றும் ஆகாதாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் டேப்பை மேஜையில் வீசிவிட்டுக் கத்தித் தீர்த்தேன். பாவம், பயந்துபோனார். உனக்கு விழவேண்டிய திட்டு அது.

நம் தீவில், ஜங்லிகாட்டில் என் கடைக்கு எதிரே உங்கள் மரச்சாமான் பட்டறை. உன் வீட்டுக்காரர் இழைப்பார், நீ உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பாய். படாக் தூசி லேசில் யாருக்கும் ஒத்துக்கொள்ளாது. புதிதாகச் சேர்ந்தவன் தும்மித் தும்மி மூக்கு சிவந்தால், “இப்பதான் பட்டறை ஆளாயிருக்கான்” என்று சிரிப்பாய். அதனால் உனக்கே மூச்சிரைத்தபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டாக்டர் வாய் திறக்கும் முன்பே “படாக் தூசி சார்” என்று நோய்க்கு நீயே பெயர் வைத்துவிடுவாய். அவரும் சரியென்று இன்ஹேலர் எழுதிக் கொடுப்பார். எக்ஸ்ரே எடுத்தார்கள், நெஞ்சு சுத்தம் என்றார்கள்.

மகள் கல்யாணத்துக்காகக் கடல் தாண்டி மெயின்லேண்ட் போய் ஒரு மாதத்துக்கு மேல் மதுரையில் இருந்தாயே, அங்கே ஏது படாக்? ஆனாலும் மண்டபத்தின் மாடிப்படி ஏறுவதற்குள் உன் நெஞ்சில் விசில் அடித்தது, அதுவும் ஆஸ்துமாக்காரர்களுக்குப் போல மூச்சை விடும்போது இல்லை, உள்ளே இழுக்கும்போது. “தூசி இல்லாத ஊர்லயும் இரைக்குதேடி, இது வேற என்னமோ” என்றேன். “வருஷக்கணக்கா முழுங்கின தூசி, ஒரு மாசத்துல போயிருமா?” என்று என் வாயை அடைத்தாய். ஊர் திரும்பியதும் டாக்டரிடமும் சொல்லிப் பார்த்தேன். நீங்கள் நர்ஸா என்று கேட்டார்.

இருமலில் ரத்தம் வந்த பிறகுதான் ஸ்கேன், சென்னை, மூச்சுக்குழாய்க்குள் டியூப் விட்டுப் பார்ப்பது எல்லாம். முதலில் கிள்ளி எடுத்த சதையில் ஒன்றும் தெரியவில்லை. கட்டி மேல்படலத்துக்கு அடியில் படர்ந்திருந்ததாம், மறுபடியும் கிள்ளினார்கள். முடிவுக்காகக் காத்திருந்தபோது பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் ஒரே கேள்வி: “பீடி, சிகரெட் உண்டா?” சூடான டீயைத் தவிர எதையும் ஊதியறியாத உன்னைப் பார்த்து! எனக்கு அவர்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தலாம் போலிருந்தது.

கடைசியில் பெயர் வந்தது: அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா. பெரும்பாலும் வாயில் எச்சில் சுரக்கும் சுரப்பிகளில் வருகிற புற்றுநோய். உனக்கோ நுரையீரலுக்குப் போகும் குழாயிலேயே பிறந்திருக்கிறது. அபூர்வம், மெதுவாக வளரும், புகைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சென்னையில் பார்த்த பெண் டாக்டர் பொறுமையாகச் சொன்னார். “ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா ஆபரேஷன்ல எடுத்திருக்கலாம்மா. இப்ப பரவிடுச்சு.”

“ரெண்டு வருஷம் முன்னாடியும் இதே நெஞ்சோடதானே டாக்டர்கிட்ட போய் நின்னேன்” என்றாய்.

மெதுவாக வளர்கிற நோய் என்பதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. ஆளை அடித்துப்போட வந்த நோய்கூட நமக்கு அத்தனை அவகாசம் கொடுத்திருக்கிறது. அந்த இரண்டு வருஷமும் நீ இன்ஹேலரை உறிஞ்சிக்கொண்டு எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாய்.

கதிர்வீச்சு முடிந்து ஊர் திரும்பிய அன்று, ஏர்போர்ட்டில் உன் சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் நடந்தபடி எல்லோரையும் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தேன். டாக்டரை, மரத்தை, பீடி கேட்டவர்களை, உன்னையும்தான். “போதும், விடும்மா” என்றார் உன் வீட்டுக்காரர். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நின்று நின்று சொன்னாய்: “அவளை விடுங்க. எனக்குக் கோவப்பட மூச்சு பத்தலை. எனக்கும் சேத்து அவ படட்டும்.”

நீ போன பிறகும் பட்டுக்கொண்டுதான் இருக்கிறேனடி. என் பங்கு என்றோ தீர்ந்துவிட்டது. உன் பங்குதான் தீரவே மாட்டேன் என்கிறது.